எதிரே உட்கார்ந்து படிச்ச தவுல்

சுடலைவடிவு எனக்கு மருமக முறை. எங்க அம்மைக்கு நேர் இளையவ மக வேணி, எனக்குத் தங்கச்சி. அந்த வேணி வயித்துல கடைசியாப் பொறந்தவ இவ. அவளுக்கு மூத்தது ரெண்டும் ஆம்பளப் பிள்ளைய. சேரன்மகாதேவிக்கு மேக்க, கால்வாய்க்கரையில வீடு.

தவழுத வயசுலேயே எதை எடுத்தாலும் பீச்சாங்கையிலதான் எடுப்பா. வேணி அந்தக் கைய அடிப்பா. அடி பத்தலன்னு பாவாடை நாடாவ வச்சு முதுகுக்குப் பின்னால கட்டிப் போட்டா. பிள்ள குனிஞ்சு வாயாலேயே தட்டுச் சோத்த நக்கித் தின்னுச்சே தவிர, சோத்தாங்கைய நீட்டல. அப்படி ஒரு வைராக்கியம். ஒருநாள் எங்க பெரியய்யா வீட்டுக் கல்யாணப் பந்தியில, சம்பந்தக்காரங்க முன்னால, அப்பளத்தப் பீச்சாங்கையால எடுத்து வாயில வச்சுட்டா. சம்பந்தக்காரி மூஞ்சியச் சுளிச்சா. வேணி வீட்டுக்கு வந்தா, தோசைச் சட்டுவத்த அடுப்புல காய வச்சா, பிள்ளையோட இடது புறங்கையில ஒட்ட வச்சா. தோலு சட்டுவத்தோட வந்துச்சு. அதுக்கப்புறம் சாப்பாடு மட்டும் வலது கைக்கு மாறுச்சு. மத்த வேலையெல்லாம் இடது கைதான். தழும்பு இன்னைக்கும் வெள்ளையாத் தெரியும்.

வயசுக்கு வந்ததும் மணிராஜுக்குக் கட்டிக் கொடுத்தாக. மணிராஜ் நையாண்டி மேளத்துல தவுல்காரன். அண்ணன் சங்கிலிபூதத்தான் நாயனம் வாசிப்பான்; செட்டும் அவனுதுதான். மணிராஜ் கைய வச்சான்னா சாமி வராதவனுக்கும் சாமி வரும். அப்படி ஒரு கை. அந்தக் கை சாராயம் குடிச்சா பெண்டாட்டி மேலயும் அப்படித்தான் விழும்.

சாயங்காலம் வாசல்ல உக்காந்து அவன் அடிச்சுப் பழகுவான். எதிர்ல சொளவு முறத்த மடியில வச்சுக்கிட்டு இவ பீடி சுத்துவா. தவுலுக்கு ரெண்டு முகம். வலது கை விரல்ல எல்லாம் கூடு மாட்டி ஒரு முகத்த அடிக்கணும். இடது கையில பூவரசங் குச்சி. அது மறு முகத்துக்கு. எதிர்ல இருந்து பாத்துப் படிக்கிறவனுக்கு எல்லாம் மாறித் தெரியும், மனசுக்குள்ள திருப்பிப் போட்டுத்தான் கையில எடுக்கணும். பீச்சாங்கைக்காரிக்கு அந்தத் தொல்லையே இல்ல. கண்ணாடியில பாக்க மாதிரி, அவன் வலது கை நிக்கித பக்கத்துல இவளுக்கு இடது கை நின்னுச்சு. பாத்தா; பாத்தது அப்படியே கையில எறங்கிட்டு. பீடி இலையக் கத்தரிக்கும்போதே சொளவு விளிம்புல விரல் ஓடும்.

ஒருநாள் மணிராஜ் அதக் கண்டுட்டான். "என்னட்டி, பீடி சுத்தச் சொன்னா நீ தாளம் சுத்துதியோ?"ன்னு கேட்டுச் சிரிச்சான். அன்னைக்குக் குடிக்கல, அதனால சிரிப்போட போச்சு.

அவன் வெளிய போன நேரம் பாத்து இவ தவுலத் தோள்ல மாட்டுவா, தலைமாத்தி. அவன் கூடு இவ விரலுக்குச் சேரல. பழந்துணியக் கிழிச்சு, பசை தடவி, காய வச்சு, தன் இடது கைக்குன்னு கூடு செஞ்சா. செஞ்சத பீடி இலைக் கட்டுக்குள்ள ஒளிச்சு வச்சா. ஒருநாள் தீப்பெட்டி தேடுனவன் கையில அந்தக் கூடு அகப்பட்டுட்டு.

"சாமிக்கு அடிக்கித தவுல்ல பீச்சாங்கைய வச்சியாளா?"

தவுல் வாரை உருவி அடிச்சான். வார்ல இரும்பு வளையம் உண்டு. முதுகு கிழிஞ்சுச்சு, காதுக்குப் பின்னால தோலு பிஞ்சுச்சு. கீழ விழுந்தவளோட இடது கை விரல்களக் குதிகாலால வச்சு நசுக்குனான், சிகரெட்ட நசுக்குத மாதிரி. நான் போய்ப் பாத்தப்ப விரல் ஒண்ணொண்ணும் கத்தரிக்காய் நிறத்துல இருக்கு. அதோட பீடி சுத்திக்கிட்டு இருக்கா.

"எங்கூட வாளா, உங்க அம்மை வீட்டுல விடுதேன்"னேன்.

"அங்க போனா சட்டுவம், மாமா. இங்க வாரு. ரெண்டுல எது தேவலன்னு நீங்களே சொல்லுங்க"ன்னு சிரிச்சா. உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு சிரிச்சதுல.

அந்த வருசமே மணிராஜ் பேட்டையில குடிச்சுட்டு வண்டி ஓட்டி, நின்ன லாரிக்குப் பின்னால போய்ச் சொருகுனான். வலது கால் எலும்பு வெளிய வந்துட்டு. ஆஸ்பத்திரியில கம்பி வச்சுப் படுக்கப் போட்டாக. பகல்ல அவன் அம்மை காவல், ராத்திரிக்கு வடிவு.

ஒருநாள் பகல்ல சங்கிலிபூதத்தான் தெருவுல வாரான். தம்பி வீட்டுக்குள்ள தவுல் சத்தம். தம்பி அடிக்கித அதே அடி, அதே இழுப்பு. "ஏலே மணி, ஆஸ்பத்திரியில இருந்து விட்டுட்டானுவளா? சொல்லவே இல்லையே லே!"ன்னு சத்தங்கொடுத்துக்கிட்டே உள்ள நுழைஞ்சான். நுழைஞ்சவன் அப்படியே நின்னுட்டான். தவுலுக்குப் பின்னால நிக்கிதது தம்பி பெண்டாட்டி.

அவ பதறித் தவுல எறக்கப் போனா.

"எறக்காத. அடி"ன்னான். நின்னு கேட்டான். கேட்டு முடிச்சுட்டு, "களக்காட்டுல ஒரு சடங்கு வீடு. தவுலுக்கு ஆள் இல்ல. வாரியா?"

"பீச்சாங்கைக்காரியக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாக அத்தான்?"

"கேக்குதவனுக்குக் காதுதானளா இருக்கு. அது கையா பாக்கும்?"

களக்காட்டுல போய் நின்னா. செட்டுல இன்னொரு தவுல் பெருமாள்ராஜ். அவனுக்கு இடது பக்கம் போய் நின்னுட்டா. அங்கதான் வந்துச்சு வினை. அவன் குச்சி இடது கையில, இவ குச்சி வலது கையில. ரெண்டு குச்சியும் நடுவுல முட்டி மோதுது. அவன் முழங்கை இவ வாயில பட்டுப் பல்லு ஆடிப்போச்சு. "இந்தப் பக்கம் வாளா"ன்னு சங்கிலி அவளப் பெருமாள்ராஜுக்கு வலது பக்கம் இழுத்து நிறுத்துனான். அங்க விரலுக்கு எதிர் விரல், இடிக்கல. அன்னையில இருந்து அவளுக்குச் செட்டுல இடம் அது: யார் நின்னாலும் அவங்களுக்கு வலது பக்கம்.

கால் எலும்பு கூடி மணிராஜ் வீட்டுக்கு வந்தான். கக்கத்துல ஊணுத கம்போட வந்தான். மேளத்துக்குப் போய்ட்டு வந்தவள அந்தக் கம்பாலேயே அடிச்சான். ரெண்டாவது அடிக்குக் கம்ப எட்டிப் பிடிச்சுட்டா.

"அடிக்கணும்னா அடிச்சுக்கிடும். விடிஞ்சா நான் செட்டுக்குப் போவேன்"னா.

ஒத்தக் கால்ல நின்னவனுக்குக் கம்பு இல்லாம நிக்க முடியல. சுவத்துல சாஞ்சு, அவ மூஞ்சியில காறித் துப்புனான்.

கம்ப வீசிட்டு நடக்க ஆரம்பிச்சதும் நேரா அண்ணன்கிட்ட போனான். "அவ நின்னா நான் நிக்க மாட்டேன். நான் நின்னா அவ நிக்கக் கூடாது. ஒண்ணச் சொல்லு." செட்டுல உள்ளவங்க ரெண்டு பிரிவாயிட்டாங்க. வாய்ச்சண்டை கைச்சண்டையாச்சு, பெருமாள்ராஜுக்கு மண்டை உடைஞ்சு தையல் போட வேண்டியதாச்சு.

சங்கிலி முடிவு சொன்னான்: "சுடலைமாடனுக்குக் கொடை வருதுல்லா? மதியக் கொடைக்கு ரெண்டு பேரும் நில்லுங்க. சாமி வந்து அரிவாளக் கீழ போடுத வரைக்கும் எவுக கை நிக்கலியோ அவுக செட்டுல. எவுக கை முதல்ல நிக்குதோ அவுக வீட்டுல."

வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கொடைங்கது கோயில் திருவிழா; அதுல சாமி ஆடுதவர கோமரத்தாடிம்போம். அவருக்குச் சாமி வந்துட்டா, அரிவாளக் கீழ போடுத வரைக்கும் மேளம் நிக்கவே கூடாது. நடுவுல நின்னா ஆடுதவரு ரத்தங் கக்கி விழுவாரு, ஊருக்கும் ஆகாதுன்னு நம்பிக்கை. அதனால மேளக்காரன் மேல என்ன நடந்தாலும் ஒருத்தரும் குறுக்க வர மாட்டாங்க. இது மணிராஜுக்கு நல்லாத் தெரியும்.

கொடையன்னைக்கு உச்சி வெயில். நான் பந்தக்கால் பக்கத்துல நின்னேன். மணிராஜ் முந்தியே வந்து, கல்தூணு தன் வலது தோள்ல உரசுத மாதிரி இடம் பிடிச்சு நின்னுட்டான். அவனுக்கு வலது பக்கம் ஒரு ஆள் நிக்க வழியில்ல. வடிவு வந்து பாத்தா, புரிஞ்சுக்கிட்டா. வேற வழியில்லாம அவனுக்கு இடது பக்கம் போய் நின்னா. குச்சிக்குப் பக்கத்துல குச்சி.

கோமரத்தாடி எங்க மதினி மகன் சிவகணேஷ். கங்கைகொண்டான் கம்பெனியில லோடு ஏத்துத பய. கொடைக்குன்னு லீவு போட்டு வந்திருந்தான். கிடா வெட்டி ரத்தம் தரையில ஓடுது. சங்கிலி நாயனத்த வாயில வச்சான். ரெண்டு தவுலும் ஒண்ணா எறங்குச்சு. சிவகணேஷ் உடம்பு குலுங்குச்சு, கண்ணு மேல சொருகுச்சு, அரிவாளத் தூக்கி ஓங்காரம் போட்டான். சாமி வந்துட்டு.

அந்த நேரம் பாத்து மணிராஜ் ஆரம்பிச்சான். தன் தவுல அடிக்கித சாக்குல குச்சிய நீட்டி அவ வலது கை விரல் மொளியில போட்டான். முதல்ல நான் தவறிப் பட்டுதுன்னு நினைச்சேன். அடுத்த அடியும் அங்கனயே. அதுக்கடுத்ததும். தாளத்துக்கு ஒண்ணு, அவ கைக்கு ஒண்ணு. காஞ்ச பூவரசங் குச்சி அது. மொளித் தோலு உரிஞ்சு ரத்தம் தவுல் முகத்துல தெறிச்சுச்சு. சனம் கிடா ரத்தம்னு நினைச்சுக் குலவை போடுது. சங்கிலிக்குத் தெரியும், நாயனம் வாயில இருக்கு, என்ன சொல்லுவான்? கண்ணு மட்டும் பிதுங்குது.

அவ கை நிக்கல.

சுண்டுவிரல் மடங்கித் தொங்குனத நான் பாத்தேன். பல்லக் கடிச்சுக்கிட்டு அடிக்கா. மணிராஜ் பக்கத்துல சாஞ்சு, "நிறுத்துளா. நிறுத்திட்டுப் போயி பீடி சுத்துளா, நொட்டாங்கைக் கழுத"ங்கான். குச்சி மறுபடியும் எறங்குது.

அப்பத்தான் அவ பைய ஒரு காலப் பின்ன வச்சுத் திரும்புனா. திரும்பி அவனுக்கு நேர் எதிர்ல நின்னா. வாசல்ல சொளவோட உக்காந்து எத்தன சாயங்காலம் பாத்தாளோ அதே மூஞ்சி, அதே தோளு. ஓங்கி அடிக்கதுக்கு முன்னால அவன் கீழ் உதட்ட உள்ள இழுப்பான். இந்த உலகத்துல அது அவ ஒருத்திக்குத்தான் தெரியும். தவுலுக்கும் அப்படித்தான் ஓங்குவான், அவளுக்கும் அப்படித்தான் ஓங்குவான்.

உதட்ட இழுத்தான். குச்சி மேல போச்சு. இந்தத் தடவை மொளிக்கு இல்ல, மூஞ்சிக்கு. அது எறங்குததுக்குள்ள இவ குச்சி அவன் மணிக்கட்டுல விழுந்துச்சு. தாளம் விழ வேண்டிய இடத்துலதான் விழுந்துச்சு. மேளத்துக்குள்ளேயும் எலும்பு முறியுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவன் குச்சி தெறிச்சுக் கிடா ரத்தத்துல போய் விழுந்துச்சு. கொஞ்ச நேரம் வலது கையால மட்டும் அடிச்சான். அப்புறம் அந்தக் கையும் நின்னு, தொங்குத கையப் பிடிச்சுக்கிட்டுக் கல்தூணோட சரிஞ்சு உக்காந்தான்.

ஒத்தத் தவுல்ல சாமி ஆடுச்சு. பூக்குழிய மிதிச்சு, கோயில மூணு சுத்துச் சுத்தி வந்து, அரிவாளக் கீழ போட்டுச்சு. அதுவரைக்கும் அவ கை நிக்கல.

சாமி உடம்ப விட்டுப் போறத மலை ஏறுததும்போம்; அதுக்கு முன்னால மேளக்காரங்களுக்குச் சாமி திருநீறு கொடுக்கும். சிவகணேஷ் அவ முன்னால வந்து நின்னான், மேலெல்லாம் ரத்தம். "கைய நீட்டு!"ன்னான். அவ இடது கைய நீட்டுனா, கூட்டோட.

கூட்டத்துல இருந்து ஒருத்தி, "ஏளா, சாமிக்குச் சோத்தாங்கைய நீட்டுளா!"ன்னு கத்துனா.

வடிவு வலது கையத் தூக்கிக் காமிச்சா. விரலெல்லாம் வீங்கிக் குச்சியோட சேந்து இறுகிப் போயிருந்துச்சு. விரிக்க வரல. முழங்கை வழியா ரத்தம் சொட்டுச்சு. சாமி அந்தக் கையப் பாத்துச்சு. தூணுக்குக் கீழ கிடந்தவனப் பாத்துச்சு. ஒரு பிடி திருநீற அள்ளி அவ இடது உள்ளங்கையில வச்சு அமுக்குச்சு. விரலிடுக்கு வழியா வழிஞ்சு புறங்கைத் தழும்பு மேலயும் சாம்பலு ஒட்டுச்சு.

மணிராஜ் போலீசுக்குப் போறேன்னான், சங்கிலி, "போ. அவ மொளிய உடைச்சது யாருன்னு நான் வந்து சொல்லுதேன்"னான். அதோட அடங்கிட்டான். இப்ப பேட்டையில ஒரு பட்டறையில காவலுக்கு இருக்கான். இடது கை முழுசாத் திரும்பாது. டீக்கடையில உக்காந்து, "புருசனப் பீச்சாங்கையால அடிச்ச மூதேவி"ன்னு ஊரெல்லாம் சொல்லுதான். ஊரும் அதத்தான் சொல்லுது. பக்கத்துல நின்னு பாத்தவன் நான். அடிச்சது வலது கை. இடது கைக்கு அந்நேரம் வேற சோலி இல்ல, தாளம் ஒண்ணுதான்.

கொடை முடிஞ்சு அவ அந்த வீட்டுக்குத் திரும்பல. தவுலோட வேணி வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். வலது கை முழுக்க மாவுக்கட்டு. வேணி அடுப்பப் பத்த வச்சா, கல்லுல மாவ ஊத்துனா. தோசையச் சட்டுவத்தால எடுத்து மக தட்டுல போட்டா. வடிவு இடது கையால பிச்சு வாயில வச்சா. வேணி சட்டுவத்தக் கையில வச்சுக்கிட்டு மக கையவே பாத்துக்கிட்டு நிக்கா. அவளும் நிமிந்து அம்மையப் பாத்தா. வாய் மெல்லுதத நிறுத்தல.

"இன்னொண்ணு போடு"ன்னா.

வேணி கல்லுல அடுத்த தோசைய ஊத்துனா.