சேவியர் சார் வீட்டில் மூச்சு விட்ட இயந்திரம்

சேவியர் சார் காலமான செய்தியை அவர் மகள் ரீட்டா டெல்லியின் மறுகோடியில் இருக்கும் துவாரகாவிலிருந்து ஃபோனில் சொன்னபோது, "என்ன உளர்றே? இதோ வீட்ல சத்தம் கேட்குதே!" என்று அதட்டிவிட்டேன். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால், அவர் வீட்டில், ஆக்ஸிஜன் இயந்திரம் வழக்கம்போல் புஸ்ஸென்று இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. பிறகுதான் நினைவு வந்தது. சார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கேயே தூக்கத்தில் போய்விட்டார். பூட்டிய வீட்டில் இயந்திரம் மட்டும் ஆளில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அது அவருக்கான இயந்திரமும் அல்ல. இறந்துபோன அவர் மனைவி ஜெசிந்தா அக்காவுடையது.

சார் தூத்துக்குடிக்காரர், மத்திய அரசின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசின் சூரியமின் கொள்கையை எங்கள் மயூர் விஹார் அடுக்குமாடி சொசைட்டிக்கு இழுத்து வந்தவர் அவர்தான். சொந்தக் கூரை இல்லாத கீழ்த்தளத்துக்காரரும் பொது மாடியில் பதிக்கும் சோலார் பேனல்களில் பங்கு சேரலாம் என்றது கொள்கை. மாடி எங்களுடையது என்று மேல்தளத்தார் குதித்தார்கள். "மாடி உங்களோடதாவே இருக்கட்டும். சூரியனையும் ரிஜிஸ்டர் பண்ணியாச்சா?" என்று கேட்டார் சார். கூட்டமே சிரித்தது. பேனல்கள் மாடி ஏறின.

இனி கரண்டே போகாது என்று நம்பினோம். சாரும் நம்பினார். அங்கேதான் தப்பு நடந்தது. வெளி லைனில் கரண்ட் போனால், அதில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக இந்தப் பேனல்களும் தாமாக நின்றுவிடும். அது எங்களுக்குத் தெரிந்தது ஒரு மே மாத நடுப்பகலில். அக்காவின் இயந்திரம் நின்றது. சிலிண்டர் வந்து சேர்வதற்குள் அக்கா போய்விட்டார்.

"மேல வெயில் கொட்டுது. கீழ என் ஜெசிந்தாவுக்கு ஒரு மூச்சுக்கு வழியில்லியேம்மா" என்று அன்று என்னிடம் அழுதார். அதன்பின் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பேசாமல் அலைந்தார். பேட்டரி வைத்து, வெளி லைன் செத்தாலும் கட்டடம் தனியே ஓடும்படி செய்யவும் கொள்கையில் உதவி இருந்தது. அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அனுமதி வந்ததும் சொசைட்டி செயலாளர், "அங்கிள்ஜி, பெஹ்லே லிஃப்ட்" என்றார், முதலில் லிஃப்டுக்குத்தான் பேட்டரி என்று. சார் அவரிடம் ஹிந்தியில் போட்ட சண்டையை வீட்டுக்கு வந்து எனக்குத் தமிழில் மறுபடியும் போட்டார்: "லிஃப்ட் நின்னா படி இருக்குல்லா? மூச்சு நின்னா என்ன இருக்கு?" கடைசியில் ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலருகே ஒரு பிளக்குக்கு அந்த பேட்டரி லைன் வந்தது. அதற்குள் என் கணவருக்கும் நுரையீரல் கெட்டு, சுவருக்கு இந்தப் பக்கமும் ஓர் இயந்திரம் வந்திருந்தது.

அக்காவின் இயந்திரத்தைச் சார் தன் பிளக்கில் ஓடவிட்டார். விரித்த படுக்கை, தலையணைமேல் குழாய், அதிலிருந்து காற்று. முதல்முறை பார்த்த அன்றே சாரிடம் சொல்லிவிட்டேன்.

"சார், பார்க்கவே பயமா இருக்கு. அணைச்சுத் தொலைங்களேன்."

"இது நின்னாத்தானே உங்க வீட்டுலயும் நின்னுருக்கும்னு எனக்குத் தெரியும்? நான் ஓடி வரணும்லா?"

கரண்ட் போகும்போதெல்லாம் சுவரை இரண்டு முறை தட்டுவார். ஓடுதா என்று அர்த்தம். என் கணவர் படுத்தபடியே இரண்டு முறை தட்டுவார். ஓடுது. ஒருநாள்கூட சார் தட்டத் தவறியதில்லை.

அடக்கம் முடிந்து ரீட்டா என்னோடு வந்து வீட்டைத் திறந்தாள். பகல் வேளைதான். அந்த அறை வாசலைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை. "ஆண்ட்டி, நீங்களே ஆஃப் பண்ணுங்க. அம்மா மூச்சை நானே நிறுத்தற மாதிரி இருக்கு."

நான் உள்ளே போன நேரம் பார்த்து ஹாலில் ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. கட்டிலருகே இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாதாவே என்று சொல்லி சுவிட்சை அணைத்தேன்.

மூச்சு நிற்கவில்லை.

ரீட்டா வீறிட்டாள். தலையணைக் குழாயில் கை வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை. மூச்சு சுவருக்குள்ளிருந்து வந்தது. காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் என் வீடு. என் கணவரின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

என்னை அறியாமல் என் கை சுவரை இரண்டு முறை தட்டியது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல இரண்டு தட்டு கேட்டது.

ஓடுது சார். நீங்க நிம்மதியா அக்காகிட்ட போங்க.