இரவல் நம்பர்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஓய்வு நாளில்கூடக் கால் ஓரிடத்தில் நிலைகொள்ளாது. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூரில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் நான் கலந்துகொண்டதற்கு அதைத் தவிர வேறு காரணமில்லை. முதலாவதாக வருகிற ஆள் நானில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுப்பார்கள். அது வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் கொடுக்கும் நாளைத் தவறவிட்டிருந்தேன். பெயர் கொடுத்திருந்த நண்பனுக்கோ போர்ட் கிள்ளான் கிடங்கில் அன்று காலை ஷிப்ட் விழுந்துவிட்டது. "நீ ஓடு லா, யாரு வந்து கேக்கப் போறா?" என்று முதல் நாளே தன் நம்பர் துணியை என்னிடம் கொடுத்தான்.

கிள்ளானில் எங்கள் வீட்டில் அதை ஆசையாக வாங்கிப் பார்த்தவர் அப்பா. வண்டி நம்பரோ, கனவில் வந்த நம்பரோ, நாலு இலக்கம் கண்ணில் பட்டால் போதும், நம்பர் கடைக்குப் போய் அதில் லாட்டரி எடுத்துவிடுவார். ஒரு தடவையும் அடித்ததில்லை. "ஓடுற நம்பருப்பா, படுத்துக்காது" என்று சொல்லிச் சுவர்க் காலண்டரில் அதைப் பெரிதாக எழுதி வைத்தார். நான் கிண்டல் செய்தேன்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி, மூச்சு சீராகிவிட்ட நேரம். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்த் தொண்டர் ஒருவர் என் நெஞ்சிலிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "அபாங், பாப்பா மாசுக் ஹொஸ்பித்தால். கிள்ளான்," என்றார். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து போட்டி அலுவலகத்துக்குப் போன் வந்தது என்று மலாயிலேயே சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார்.

நான் நிற்கவில்லை. நம்பர் நண்பனுடையது என்றால் அப்பாவும் அவனுடைய அப்பாதானே. அவருக்கு ஏற்கனவே இழுப்பு நோய் உண்டு. நண்பன் பக்கத்திலேயே இருக்கிறான், இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? கடிகாரத்தைப் பார்த்தேன். பதக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பாவம் பெரியவர், என்று முணுமுணுத்துக்கொண்டு ஓடினேன். சொல்லவே கூசுகிறது, முன்னைவிட வேகமாக ஓடினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

ஆனால் மனம் அடங்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. நண்பன் ஷிப்டில் இருப்பது அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் கிடங்குக்கல்லவா போன் செய்வார்கள்? இங்கே யார் செய்தது?

சாலையை விட்டு விலகி, திறந்திருந்த ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தேன். "அங்கிள், ஒரு போன் பண்ணிக்கறேன்" என்று கேட்டுக் கிடங்குக்குப் போன் செய்தேன். நண்பனைக் கூப்பிட்டுவர ஒரு யுகம் ஆயிற்று.

"எங்க அப்பாவா? பசியாற கொண்டாந்து குடுத்துட்டு இப்பத்தான் போறாரு. நல்லாத்தானே இருக்காரு," என்றான். உடனே கேட்டான், "உங்க அப்பா எங்கடா?"

காலண்டர் நினைவுக்கு வந்தது. ரிசீவரைச் சரியாக வைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை.

டாக்சியில் கிள்ளான் போய்ச் சேரும்வரை இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டுநர் சிவப்பு விளக்கில் நிறுத்தியபோதெல்லாம் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார். சத்தம்தான் வந்தது.

"பத்து நிமிஷத்துக்கு முன்ன வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாரு," என்றாள் மனைவி. "அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும், வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. காலண்டர்ல அந்த நம்பர் இல்லன்னா உங்கள எப்படித் தேடியிருப்பேன்?"

இரண்டு கிலோமீட்டர். என் வேகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

அப்பா அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. சொல்ல நினைத்தது என்னவென்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டுவார், பிறகு கண்ணை மூடிக்கொள்வார். நான் எழுந்து வாசலுக்கும் அறைக்குமாக நடப்பேன். ஓட்டத்துக்கு மட்டும் மறுபடி போகவில்லை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி என் நெஞ்சிலிருந்த நம்பர் துணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "சொன்ன உடனே நின்னுட்டீங்களா?"

"உடனே நின்னுட்டேன்," என்றேன்.