லிங்கமில்லாத ஆவுடையார்

சென்னிமலை கம்போடியாவுக்குப் போனது 2005 சித்திரையில். நல்லூரில் பதினெட்டு வருஷம் பின்னல் மெஷின்களைப் பழுது பார்த்தவர். புனோம்பென் நகருக்கு வெளியே ஒரு பனியன் கம்பெனிக்கு ஃபிட்டர் வேண்டும் என்றார்கள்; இரண்டு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டு விமானம் ஏறினார். மனைவி முத்தாத்தாளும், எட்டாவது படித்த மகள் கிருத்திகாவும் நல்லூரிலேயே இருந்தார்கள்.

அங்கே அவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதன் சம்நாங். கம்பெனி எலக்ட்ரீஷியன், ஏறக்குறைய அவர் வயது. மெஷின் பாகங்களின் பெயரையும் உடைந்த இங்கிலீஷையும் வைத்துக்கொண்டு இருவரும் எப்படியோ பேசிக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்நாங் அவரை பைக்கில் தன் ஊருக்குக் கூட்டிப் போனான். வயல்களுக்கும் பனைமரங்களுக்கும் நடுவே பாழடைந்த கோவில் ஒன்று நின்றது. அதை எடுத்துக்கட்ட யாரும் வந்ததில்லை. செங்கல் கோபுரத்தில் பாதியை ஒரு மரம் வேர்களால் கட்டிப்பிடித்திருந்தது.

"மாடு போன தடத்திலேயே நட. புதருக்குள் கண்ணிவெடி இருக்கலாம்" என்றான் சம்நாங்.

உள்ளே கூரை இல்லை. தரையில் கல் ஆவுடையார் மட்டும் கிடந்தது. நடுவில் இருந்த குழியில் லிங்கத்தைக் காணோம். இத்தனை தூரம் தள்ளி இதைப் பார்ப்போம் என்று சென்னிமலை நினைத்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். அன்று சாயங்காலம் போனில் சொன்னபோது முத்தாத்தாள், "ஆயிரம் வருஷமா பூசையில்லாமயா கெடக்குது? பாவமுங்க" என்றாள், ஏதோ தெரிந்தவர் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டதுபோல.

ஐப்பசியில் மைத்துனன் கிட்டுசாமி போன் செய்தான்.

"மாமா, அக்கா போயிடுச்சுங்க. மூளைக்காய்ச்சலுங்க. நாலு நாளா ஆஸ்பத்திரியில இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அக்காதான் சொல்லுச்சு. நீங்க எப்ப வருவீங்க?"

அந்த வாரம்தான் விசாவைப் புதுப்பிக்க பாஸ்போர்ட்டை வாங்கிப் போயிருந்தார்கள். மானேஜர் நாலு இடத்துக்குப் பேசிப் பார்த்தார். ஐந்து நாளாகும் என்று பதில் வந்தது.

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல ஒடம்பு தாங்காதுங்க மாமா" என்றான் கிட்டுசாமி.

"எடுத்துருங்க" என்றார் சென்னிமலை. அந்த ஒரு சொல்லைச் சொன்னது தான்தானா என்று பிறகு பல நாள் யோசித்தார்.

விஷயம் தெரிந்து மறுநாள் காலை சம்நாங் பைக்கை எடுத்து வந்தான். கோவிலுக்கு முன்னால் இருந்த குட்டையில் சென்னிமலை முங்கி எழுந்தார். சம்நாங்கின் உறவுக்காரி வடித்துத் தந்த சோற்றை உருட்டி ஆவுடையார்மேல் வைத்தார். மந்திரம் தெரியாது. முத்தாத்தாள் பெயரை மட்டும் சொன்னார். சம்நாங் மூன்று ஊதுபத்தி கொளுத்திப் பக்கத்தில் செருகினான்.

"இது என் அம்மாவுக்கு" என்றான். "பொல் பாட் ஆட்சிக் காலத்தில் சிப்பாய்கள் கூட்டிப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. அதனால் இங்கே வருகிறேன்."

அப்போதுதான் சென்னிமலை வாய்விட்டு அழுதார். முத்தாத்தாள் கிடக்கும் இடம் அவருக்குத் தெரியும். வாசல், பந்தல், கூடியிருக்கும் சனம் எல்லாம் கண்முன் தெரிந்தது. தெரிந்தும் போக முடியவில்லை. சம்நாங் அவர் முதுகில் கைவைத்தபடி வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தான்.

அவர் நல்லூர் வந்து சேர்ந்தது ஏழாம் நாள். கொள்ளி வைத்தது கிருத்திகா என்று கிட்டுசாமி சொன்னான். தான் வைக்கிறேன் என்றதற்கு அவள் விடவில்லையாம்.

காரியமெல்லாம் முடிந்த மத்தியானம் மகளை உட்கார வைத்து, இடிந்த கோவிலையும் குட்டையையும் சோற்று உருண்டையையும் பற்றிச் சொன்னார். தானும் சும்மா இருந்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அங்க எதுக்குங்கப்பா பண்ணுனீங்க? அம்மா இங்கதானுங்க கெடந்துச்சு."

அவள் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க எழுந்து போனாள்.

சென்னிமலை திரும்பக் கம்போடியா போகவில்லை. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் யூனிட்டில் சேர்ந்தார். சாயங்காலம் வீடு வந்தால் கிருத்திகா, "சாப்பிடறீங்களா?" என்று கேட்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச அவளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று.