நான் பரவாயில்லை என்றுவிட்ட பள்ளம்

சிங்காநல்லூர் குளத்தின் மேல் காலைப் பனி கிடக்கிற மாதங்களில் எங்கள் தெரு பாதித் தூக்கத்திலேயே இருக்கும். பால் வண்டி போகிற சத்தம் வரும், வண்டி தெரியாது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்த என் மனைவிக்கு அப்போது ஒரே ஆசை. யார் கையையும் பிடிக்காமல் குளக்கரை வரை நடந்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கூழைக்கடாப் பறவைகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நடுவில் ஒரு பள்ளம். தெருமுனையில் சாக்கடையை மூடியிருந்த நடைபாதை ஸ்லாப் ஒன்று உடைந்து உள்ளே விழுந்திருந்தது. சுற்றிப் போவதென்றால் பஸ் ஓடுகிற ரோட்டில் இறங்க வேண்டும். புது மூட்டோடு அவள் இறங்க மாட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் எச்சரிக்கைக்காகப் பள்ளத்தில் வேப்பங்கொப்பு நட்டிருந்தார். அது மரமாகிவிடுமோ என்று எனக்குக் கவலை.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். இதைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள்.

மாநகராட்சியின் செயலியில் புகார் பதிந்தேன். முதல் படத்தில் என் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்தது. இரண்டாவதில் பள்ளமும் வந்தது. தெரு, வார்டு, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் எல்லாம் கொடுத்தேன். அன்று மதியத் தூக்கத்தில் நடைபாதை நீண்டுகொண்டே போனது. குளம் தாண்டி, தொண்டாமுத்தூர் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து, மலையடிவாரம் வரை ஒரு பள்ளமில்லை. எதிரே வந்த யானை ஓரமாக ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டது. எனக்கு மாலை போடக் கூட்டம் நின்றது.

மாலை கழுத்தில் விழுவதற்குள் போன் அடித்து எழுப்பியது. வார்டு ஆபீஸிலிருந்து ஓர் இளைஞர்.

"ஏனுங்க சார், நடைபாதைக்குப் புகார் குடுத்தது நீங்கதானுங்களா? ஆளுக வேற பக்கம் வேலையா இருக்கறாங்க. ரொம்பச் சிரமமா இருக்குதுங்களா?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டால், ஆமாம் என்று சொல்ல நாக்கு எழாது.

"அட, பரவாயில்லீங்க. ஓரமாப் போய்க்கறமுங்க. நீங்க சாப்டீங்களா?"

சாயங்காலம் செய்தி வந்தது. புகார் முடித்துவைக்கப்பட்டதாம். மனைவி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லைன்னு சொல்லிப்போட்டீங்களாக்கும்?"

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன். நல்ல மனுசரு அம்மணி."

"நீங்களும் நல்ல மனுசருதானுங்க. பள்ளந்தான் அப்படியே கெடக்குது."

மறுபடி பதியவைத்தாள். மறுநாள் அந்த வார்டு ஆபீஸ் இளைஞர் கூப்பிட்டபோது போனை அவளே வாங்கிக்கொண்டாள்.

"சாப்டீங்களா தம்பி?" என்றுதான் அவளும் ஆரம்பித்தாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. "செரிங்க. எங்கூட்டுக்காரரு கல்யாணத்தன்னிக்கு உப்பில்லாத ரசத்தையே பரவாயில்லைன்னு குடிச்சவரு. அவரு பேச்சை எடுத்துக்காதீங்க. நடக்கறது நானுங்க, எனக்குச் சிரமந்தான். மூடற வரைக்கும் தெனமும் கூப்புடுவேன், கோவிச்சுக்காதீங்க."

தினமும் கூப்பிட்டாள். தினமும் சாப்பாட்டையும் விசாரித்தாள். கடைசியில் ஒரு வண்டி வந்து, வேப்பங்கொப்பைப் பிடுங்கிப்போட்டு, புது ஸ்லாப்பை இறக்கியது.

பூசிய சிமெண்ட் காய்ந்த மறுநாள் காலை, பனிக்குள் அவள் செருப்பு மாட்டினாள். நானும் மாட்டினேன்.

"நீங்க எங்கீங்க?"

"கூட வாரேன்."

"வேண்டாமுங்க. அடுப்புல பாலு இருக்குது, பாருங்க."

வாசற்படியில் நின்றேன். தெருமுனையில் அவள் ஒரு கணம் தயங்கி, ஸ்லாப்பில் கால் வைத்து, நேராகப் போனாள். பனி அவளை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. குளத்துக்குப் போகிற சத்தம், நிற்காமல், சீராக. அது தேயும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளிருந்து பால் தீய்கிற வாசம் வந்தது. இதற்கு அவளிடம் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.