தூசிக் கருவியைச் சுற்றித் தெளித்த தண்ணீர்

அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் வேம்பு பதினோரு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டினார். ஊர் ஜனம் குடிக்கிற தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆலை வாசலில் காற்றிலுள்ள தூசியை அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அதைச் சுற்றி மட்டும் மண் நனையத் தெளிக்க வேண்டும். அங்கே தூசி அடங்கும், வாசல் பலகையில் எண் பச்சையில் ஓடும். மேனேஜர் குருமூர்த்தியின் மூளையில் உதித்த அயோக்கியத்தனம் இது.

தெரிந்தேதான் வேம்பு தெளித்தார். மனைவி செல்வம்மாள் இருமி இருமி எலும்பும் தோலுமாகிவிட்டாள். வேலை முடிந்து வந்தால் அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருக்கும்.

போன மாதம் பிரவீணா என்ற ஆராய்ச்சி மாணவி வீட்டுக்கு வந்தாள். செயற்கைக்கோள் தந்த படத்தை லேப்டாப்பில் காட்டினாள். ஊர் முழுக்க அடர் சிவப்பு.

"ஐயா, மேலேருந்து பாத்தா இவ்ளோ தூசி தெரியுது. கீழ மெஷின்ல ஒண்ணுமே இல்லீங்க. எங்க படந்தான் தப்புன்னு கம்பெனியில சொல்றாங்க. உங்க வூட்டுக்குப் பின்னால ஆலையோட ரெண்டாவது சூளைக்கு அனுமதி குடுத்துருவாங்க போல" என்றாள்.

"எனக்கொண்ணும் தெரியாதும்மா" என்று வேம்பு அவளை அனுப்பிவைத்தார். வேலை போய்விடும் என்ற பயம். அவள் போனபிறகு தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

அந்தச் சூளைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஆலை வாசலிலேயே பந்தல் போட்டு வைத்தார்கள். அதிகாரிகள் முன்னால் பிரவீணா படத்தை விளக்கினாள். குருமூர்த்தி மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"எங்கயோ ஆகாசத்துல சுத்துறத நம்புவீங்களா, கண்ணு முன்னால இருக்கறத நம்புவீங்களா? பலகையப் பாருங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். எண் சிவப்பில் எரிந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகப் போக இன்னும் ஏறியது.

குருமூர்த்தியின் முகம் செத்துப்போனது. பந்தலோரம் நின்ற வேம்பு கண்ணில் பட்டதும், ஆத்திரத்தில் கையில் மைக் இருப்பதையே மறந்தார்.

"டேய் வேம்பு! இன்னைக்கு மெஷினச் சுத்தித் தண்ணி தெளிக்கலையாடா?"

ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

"தெளிக்கலைங்க" என்ற வேம்பு, லாரிச் சாவியை அதிகாரிகளின் மேசைமேல் வைத்தார். "பதினோரு வருசமா நாந்தான் தெளிச்சேன். இன்னைக்குத்தான் தெளிக்கல."

பின்வரிசையில் செல்வம்மாள் இருமிக்கொண்டிருந்தாள். அதிகாரிகள் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.