ஊசிக்குப் பிறகே கத்தி என்றவள்

டாக்டர் மனோன்மணி காலமான செய்தியை எனக்குச் சொன்னது ஜீவனஹள்ளி செல்வி. காலைக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேடம், டாக்டரம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. "தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கான்வென்ட்டில் முதல் வகுப்பிலிருந்து மனோன்மணியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். செல்வி பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் மிஷினில் உட்காருபவள். நோயாளியாகச் சில ஆண்டுகளாகத்தான் மனோன்மணிக்குப் பழக்கம். அவளுக்கு எப்படி எனக்கு முன்பே தெரிந்தது என்று பிறகு மனோன்மணியின் தம்பி மகனிடம் கேட்டேன். "அத்தை போன்ல கடைசியா யார் யாரோட பேசியிருந்தாங்களோ, அந்த வரிசைப்படி கூப்பிட்டேன் ஆன்ட்டி" என்றான். அந்த வரிசையில் செல்வி மேலே இருந்திருக்கிறாள், நான் கீழே. வருத்தம் வருவதற்கு முன் எனக்குப் பொறாமை வந்தது. மனோன்மணி விஷயத்தில் எனக்கு எப்போதும் அந்த முறைதான்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் நீங்கள் அவளைப் பெரிய டாக்டராக அறிந்தீர்கள். நான் அவளைப் பின்னல் அவிழ்ந்த, ஷூவுக்குப் பாலிஷ் போடாத சிறுமியாக அறிவேன். வகுப்பில் அவள் முதல், நான் இரண்டாவது. கையெழுத்திலும் தையலிலும் மட்டும் நான்தான் முதல். என் பூவேலையைச் சிஸ்டர் சுவரில் மாட்டுவார். மனோன்மணி அருகில் போய், துணியைத் திருப்பி, பின்பக்கத்து முடிச்சுகளை நிதானமாகப் பார்த்துவிட்டு, "முன்னாடி ரொம்ப நல்லா இருக்குடி ராஜி" என்பாள். அந்தப் பாராட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவள் மருத்துவம் படிக்கப் போனாள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவள் கத்தி பிடிக்கும் டாக்டர் ஆகவில்லை. வெட்டியெடுத்த சதையைச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் பெதாலஜிஸ்ட் ஆனாள். அந்தத் துறையில் இருப்பவர்களை நோயாளிகள் யாருக்கும் தெரியாது என்பார்கள். அவளை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மென்திசுக் கட்டிகள்தான் அவளுடைய தனித்துறை. எலும்பைத் தவிர, உடம்பைத் தாங்கிப் பொதிந்து வைத்திருக்கும் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய் ஆகியவற்றில் முளைக்கும் கட்டிகள் அவை. பெரும்பாலானவை தொல்லை செய்யாதவை. அபூர்வமாகச் சில புற்று. சார்கோமா என்று பெயர். "அந்தச் சிலதும் பார்க்க நல்லதுங்க மாதிரியே இருக்கும். அதான் வம்பு" என்பாள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. என் கணவரிடம் சொல்லுவாள். மாநில அரசில் பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்தவர் அவர். என்னிடம் நாளைக்கு நாலு வாக்கியம் பேசுபவர், மனோன்மணி வருகிறாள் என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு ஹாலில் வந்து உட்காருவார். கட்டியை வெட்டும் முன் கனமான ஊசியைச் செலுத்தி உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லப்போக, "நாங்க அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னால போர் போட்டு மண் எடுக்கறோம் பாருங்க, அதேதான்" என்று இவர் பிடித்துக்கொண்டார். "அதேதான் சார். உங்க கான்ட்ராக்டர் போர் போடாம தோண்டினா என்ன பண்ணுவீங்க?" "பில்லை நிறுத்திடுவேன்." இருவரும் சிரிப்பார்கள். நான் இன்னொரு முறை காபி போடுவேன்.

அவர் காலமான பிறகு வந்த ஒரு தீபாவளிச் சமயம், என் வலது தொடையில் ஒரு தடிப்பு கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. எங்கள் காக்ஸ் டவுன் பக்கமே உள்ள ஒரு சிறிய நர்சிங் ஹோமில் காட்டினேன். அங்கிருந்த சர்ஜன் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதாம்மா. மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில எடுத்துடலாம். குறுக்கால சின்னதா ஒரு கீறல், தழும்பே தெரியாது" என்றார். தழும்பு தெரியாது என்றது எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டேன். மனோன்மணியிடம் சொல்லவில்லை. அவளிடம் கேட்காமல் என் உடம்பில் ஒரு காரியம் நடக்கட்டுமே என்று இருந்தேன்.

அந்த வாரமே பழைய மாணவியர் சிலர் ஒருத்தி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடினோம். மனோன்மணி வழக்கம்போல் தாமதமாக, வழக்கம்போல் மடிப்புக் கலைந்த புடவையில் வந்தாள். சாம்பார் பரிமாறுவதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி ராஜி, ஒரு பக்கமாவே உட்கார்ந்திருக்க?"

"சேர் சரியில்லை."

"எல்லாருக்கும் அதே சேர்தான். உள்ள வா."

படுக்கையறையில் என்னைப் படுக்க வைத்துக் கையை வைத்தாள். காலை இறுக்கச் சொன்னாள், தளர்த்தச் சொன்னாள். அவள் முகம் மாறியது.

"வளர்ந்திருக்கா?"

"கொஞ்சம். வலி கிடையாது."

"வலிக்கலைங்கறது நன்னடத்தைச் சான்றிதழ் இல்லடி. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசா இருக்கு, தசைக்குள்ள ஆழத்துல இருக்கு, வளர்ந்துகிட்டும் இருக்கு. யார்கிட்ட காட்டின?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை என்றும் சொன்னேன்.

"ஸ்கேன் எடுத்தாரா?"

"தொட்டுப் பார்த்தாலே தெரியுமாம்."

"எனக்கு மைக்ராஸ்கோப்ல பார்த்தே சில சமயம் தெரியறதில்ல. ஸ்கேன் முதல்ல. ஊசி அடுத்தது. கத்தி கடைசி. இந்த வரிசையை மாத்தறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் கிட்ட விடாதே."

"வரேன்னு சொல்லிட்டேன் மனோ."

"கத்திக்கு வாக்குக் குடுத்திருக்கியா? போனைக் குடு, நான் பேசறேன்."

"என் டாக்டரோட எனக்குப் பேசத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சாப்பிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே எரிச்சல். என் கணவர் உயிரோடு இருந்திருந்தால், போர் போடாமல் தோண்டக் கூடாது என்று அவள் பக்கம்தான் நின்றிருப்பார். அது தெரிந்ததால் இன்னும் எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் நர்சிங் ஹோமுக்கு போன் செய்து, வெள்ளிக்கிழமை வரவில்லை என்றேன்.

அவள் ஓய்வு பெற்ற பின்னும் போய்வந்த மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதைச் சுவரில் பெரிதாகக் காட்டி, சர்ஜன், ஸ்கேன் பார்ப்பவர், கதிர்வீச்சு டாக்டர், பெதாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவார்களாம். யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை. பிறகு சர்ஜன் கிரண் வந்து, என் தொடையில் பேனாவால் நீளவாக்கில் ஒரு கோடு போட்டார். ஊசி அந்தக் கோட்டின் மேல்தான் இறங்க வேண்டும் என்றார். ஊசி வெளியே வரும்போது அதன் வழியில் இரண்டு கெட்ட செல்கள் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே ஆபரேஷன் செய்யும்போது அந்த வழியையும் சேர்த்தே வெட்டியெடுத்துவிடுவார்களாம். ஊசி குத்தும் இடத்தையே ஆபரேஷனை மனதில் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். உள்ளிருந்து வந்தவை சேமியா இழைகள் போல இருந்தன. இவ்வளவு சிறியதில் என்ன தெரியும் என்று நினைத்தேன்.

செல்வியை முதலில் பார்த்தது அன்றுதான். ஊசி முடிந்து நான் ஹாலுக்கு வந்தபோது, மனோன்மணி எனக்காகக் காத்திருக்கவில்லை. மூலையில் ஒரு பெண்ணின் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முன்கையில் குறுக்காக ஒரு தழும்பு. வேலைக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கிளினிக்கில், ஸ்கேனும் ஊசியும் இல்லாமல், கொழுப்புக் கட்டி என்று எடுத்திருக்கிறார்கள். அது சார்கோமா. பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

"தழும்பு தெரியக்கூடாதுன்னு குறுக்கால போட்டாரு டாக்டரம்மா. எனக்கு என்ன இனிமே பொண்ணு பார்க்கவா வரப்போறாங்க?"

"கை நீளத்துக்குப் போட்டிருந்தா, மறுபடி எடுக்கறப்ப ஒரு பட்டையோட போயிருக்கும். இப்ப அகலமா எடுக்கணும். தொடையிலேர்ந்து தோலை எடுத்து ஒட்டணும். பேஜார் பண்ணிக்காதே. கை இருக்கும். அழகா இருக்காது."

"அழகை வச்சு நான் என்ன பண்றது? காலர் தைக்கணும். காலர் தைக்குமா?"

"தைக்கும். எனக்கும் ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடு. இவ எப்பப் பார்த்தாலும் என் ஜாக்கெட்டைக் குறை சொல்றா" என்று என்னைக் காட்டினாள். இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். மனோன்மணி என்னோடு அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வந்தது. அதே சமயம் என் தொடையும் சில்லிட்டது. வெள்ளிக்கிழமை எனக்கும் குறுக்காகத்தான் போடுவதாக இருந்தார்கள்.

மனோன்மணியைத் தாழ்வாரத்தில் நிறுத்தினேன். "என் ஸ்லைடை எப்போ பார்ப்ப?"

"நான் பார்க்கலை. நந்தினி பார்ப்பா. அவ என்கிட்ட படிச்சவ. அப்புறம் இன்னொருத்தர் தனியாப் பார்ப்பார்."

"அந்தப் பொண்ணோடதை யார் பார்த்தா?"

"நான்."

"அவளுக்குப் பார்ப்ப, எனக்குப் பார்க்க மாட்டியா?"

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

ஊர் ஊராக அவளுக்கு ஸ்லைடு வந்துகொண்டிருந்த காலம் அது. முகம் தெரியாதவர்களுடையதையெல்லாம் பார்ப்பாள்; என்னுடையதைத் தன் மாணவியிடம் தள்ளிவிட்டாள். முடிவு வரும்வரை நான் புற்றைப் பற்றி நினைத்ததைவிட அந்த 'மாட்டேன்' பற்றி நினைத்ததுதான் அதிகம்.

நந்தினியே கூப்பிட்டுச் சொன்னாள். கொழுப்பிலிருந்து வந்ததுதான், ஆனால் சாதாரணக் கொழுப்புக் கட்டி அல்ல, சார்கோமா. இரண்டாமவரும் அதையே சொன்னார். மரபணுச் சோதனையும் உறுதி செய்தது. இந்த வகை நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குப் போகுமாம். மார்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. முதலில் சில வாரங்கள் கதிர்வீச்சு. தோல் ஆறியதும் ஆபரேஷன். "கட்டியை நாங்க கண்ணால பார்க்கவே கூடாதும்மா. சுத்தியிருக்கிற நல்ல சதைக்குள்ள பொதிஞ்ச மாதிரியே வெளிய வரணும்" என்றார் கிரண். அப்படியே வந்தது. எடுத்த துண்டின் ஓரங்களில் மை தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மை பட்ட இடத்தில் எங்கும் நோய் இல்லை. ஒரு தசையில் பாதி போயிற்று, ஆனால் கால் பிழைத்தது.

நான் கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தபோது மனோன்மணி வந்தாள். செல்வி தைத்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதைக் கவனித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"அவ ஸ்லைடை நீ பார்த்தே. என்னுடையதை ஏன் பார்க்கலை?"

அவள் காபியைக் கீழே வைத்தாள். "செல்வி ஸ்லைடுல என்ன இருக்கோ, அதைப் பார்ப்பேன். உன் ஸ்லைடுல என்ன இருக்கணுமோ, அதைப் பார்ப்பேன். அப்புறம் உன் கால் என்ன ஆகும்?"

நான் அவள் வைத்த டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துடுவேன்டி" என்றாள். உடனே கைத்தடியை எடுத்து நீட்டினாள். "சரி, கொஞ்சம் நட, பார்ப்போம். சாயாம நட."

"இப்போ எல்லாம் முடிஞ்சுதே. இனிமே என் ஸ்லைடைப் பார்க்கலாமே."

"எதுக்கு? வேணாம், விடு."

இரங்கல் கூட்டம் பசவனகுடியில் அவள் வீட்டுக்கு அருகே நடந்தது. மைக் கரகரத்தது. பேசியவர்களில் பாதிப் பேர் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடித்தார்கள். டாக்டர்கள், முன்னாள் மாணவர்கள், நோயாளிகள் என்று ஒருவர் விடாமல் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: என்னுடைய ஸ்லைடை அம்மாவே பார்த்தார்கள், எனக்காக உட்கார்ந்து பார்த்தார்கள், என்னை விடவில்லை. செல்வி ஒட்டுத்தோல் தெரிகிற கையை மேலே தூக்கிக் காட்டி, இந்தக் கை அவங்க பார்த்த கை என்று அழுதாள். எல்லோரும் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

என்னையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். பள்ளித் தோழி என்று அறிமுகப்படுத்தினார்கள். பெயரைத் தப்பாகச் சொன்னார்கள், திருத்தினேன். பிறகு, "என்னுடைய ஸ்லைடை அவள் பார்க்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கிழவிக்கு இன்னும் மனத்தாங்கல் போலிருக்கிறது என்று பலர் நினைத்திருப்பார்கள். முன் வரிசையில் நந்தினி மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் தொடையில் நேராக, நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. அதன்மேல் நடக்கிறேன். சில மாதங்களுக்கு ஒருமுறை மார்பு ஸ்கேனுக்குப் போகிறேன். மனோன்மணியின் படிப்பும் சிரிப்பும் கையின் பொறுமையும் உங்கள் எல்லோருக்கும் கிடைத்தன, வைத்துக்கொள்ளுங்கள். தன் கண்ணை அவளே நம்பாமல் போனது ஒரே ஒருத்தி விஷயத்தில்தான். அது எனக்குக் கிடைத்தது. இங்கே எழுதிவிட்டேன் என்பதற்காக அதில் யாருக்கும் பங்கு உண்டு என்று எண்ண வேண்டாம்.