மூத்தவன் போன், இளையவன் போன்

எனக்கு அறுபது முடியப்போகிறது என்பதை என்னைவிடப் பிள்ளைகள்தான் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். சென்னையில் இருக்கும் மூத்தவன் ஒரு போன் வாங்கி அனுப்பினான். அதே வாரம் சிங்கப்பூரில் இருக்கும் இளையவன், ஊருக்கு வந்த நண்பன் கையில் இன்னொரு போன் கொடுத்தனுப்பினான். ஒருத்தனை ஒருத்தன் கேட்டிருந்தால் ஒரு போனோடு போயிருக்கும். ஆனால் கேட்க வழியில்லை. மூத்தவன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் இளையவனுடைய மாமனார் பெயர் விட்டுப்போயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. அச்சடித்தவர் விட்டாரா, மூத்தவன் விட்டானா என்று விசாரித்து எனக்குப் பைத்தியம் பிடித்ததுதான் மிச்சம்.

எனக்கு வலங்கைமானில் உரக்கடை. ஒரு பட்டன் போனை வைத்துக்கொண்டு யூரியாவும் பொட்டாஷும் நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தேன். இப்போது சட்டைப் பையில் ஒன்று, கையில் ஒன்று. இரண்டும் போட்டிக் கம்பெனிகள். ஒன்றின் சார்ஜர் மற்றதில் நுழையாது. வாங்கிக் கொடுத்தவர்களைப் போலத்தான் அதுகளும் என்று முதல் நாளே புரிந்துகொண்டேன்.

தினமும் இரண்டு பேரும் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் உடம்பை அல்ல, போனை. "எந்தப் போன்ல பேசுறீங்கப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "அவன் குடுத்ததுல சார்ஜ் நிக்குதா?" அண்ணனும் தம்பியும் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டியதெல்லாம் என் காது வழியாகவே போய் வந்தது.

ஒன்றைக் கடைக்கும் ஒன்றை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவி யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். எதைக் கடைக்கு? கடைக்குப் போகிற போன் பூச்சிமருந்து நாற்றத்தில் கிடக்கிறது என்று ஒருவன் முகத்தைத் தூக்குவான். வீட்டில் இருக்கிற போன் சும்மா தூங்குகிறது என்று மற்றவன் தூக்குவான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் வேறு குறித்தாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நின்று கலசத் தண்ணீரை எங்கள் தலையில் ஊற்ற வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்று ஊற்றுவார்களோ என்ற பயத்திலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் பட்சபாதம் இல்லாமல் சோதித்துப் பார்த்து முடிவு செய்வது என்று இறங்கினேன். முதல் சோதனை வயலில். எங்கள் கடை வாடிக்கைக்காரர் ஒருவரின் சம்பாப் பயிர் நுனி கருகி வந்திருந்தது. இளையவன் போனில் நாலைந்து படம் எடுத்து மருந்துக் கம்பெனி அதிகாரிக்கு அனுப்பினேன். அந்தம்மா உடனே பதில் போட்டார்: "பயிர் ரொம்ப செழிப்பா இருக்கு சார், வாழ்த்துகள்."

படத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே செழிப்பாகத்தான் இருந்தது. கருகிய இடமெல்லாம் பச்சைப் பசேல் என்று மின்னியது. பக்கத்தில் நின்ற வாடிக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மருந்து வேணாம்ணே. இந்தப் போனையே ஒரு தெளிப்புத் தெளிச்சு விடுங்க" என்றார். அங்கேயே மூத்தவன் போனில் மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு கருகலும் எண்ணி எடுக்கிற மாதிரி விழுந்தது. அரை மணி நேரத்தில் மருந்தின் பெயர் வந்துவிட்டது.

இரண்டாவது சோதனை வீட்டில். கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்த மனைவியை மூத்தவன் போனில் எடுத்தேன். அது பயிருக்குச் செய்த அதே சேவையை அவளுக்கும் செய்தது. படத்தைப் பார்த்தவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். அன்று காபி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சாயங்காலம் இளையவன் போனில் எடுத்துக் காட்டினேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி இருந்ததில்லை. "இது பாசத்தோட வாங்குன போன்" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

முடிவு தானாகவே வந்துவிட்டது. உண்மை பேசுவது கடைக்கு, முகஸ்துதி செய்வது வீட்டுக்கு. இளையவனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"என் போன் பொய் சொல்லுதுன்னு அவன்கிட்டயும் சொல்லியாச்சா?" என்று ஆரம்பித்துவிட்டான். அது பொய் இல்லையாம், ஒரு செட்டிங்காம், அணைத்துவிட்டால் சரியாகிவிடுமாம். அவன் சொல்லச் சொல்லத் தேடினேன். எனக்கு அகப்பட்டது டார்ச் லைட் மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் ஊருக்கு வந்திருந்தான். தம்பி போனை அவன் கையில் கொடுத்தேன். மூத்தவன் போனில் இளையவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"மேல மூணு கோடு இருக்கும், அதைத் தொடச் சொல்லுங்கப்பா" என்றான் இளையவன்.

"கோடெல்லாம் இல்ல, புள்ளிதான் இருக்குன்னு சொல்லுங்கப்பா" என்றான் மூத்தவன்.

ஒருத்தன் குரல் மற்றவனுக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்ல வேண்டுமாம். பஞ்சாயத்தில்கூட இவ்வளவு பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பொய் சொல்லி எழுந்து போய், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து மூத்தவன் குரல் கேட்டது.

"டேய், புள்ளியைத் தொட்டா வேற என்னமோ வருதுடா."

"அதான், அதுக்குள்ள கீழ போண்ணே."

கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். செட்டிங்கை அணைத்த பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

இளையவன் எதையெதைத் தொடச் சொன்னான் என்று மரத்தடியில் நின்றே ஜன்னல் வழியாகக் காதில் வாங்கி வைத்திருந்தேன். அடுத்த வாரம் நானே அந்த செட்டிங்கை மறுபடி போட்டுவிட்டு, "பழையபடி ஆயிடுச்சுப்பா, ரெண்டு பேரும் பேசிப் பாருங்க" என்றேன். அதற்குப் பின் வாரம் ஒரு கோளாறு தவறாமல் வந்தது. எந்தக் கம்பெனி உசத்தி என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். பத்திரிகை விவகாரம் பேச நேரமில்லாமல் போயிற்று.

திருக்கடையூரில் நானும் மனைவியும் மணையில் உட்கார்ந்தோம். ஒரே கலசத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு கையால் பிடித்து ஊற்றினார்கள். பிடித்த பிடியில் பாதி என் கண்ணில் விழுந்தது. என் மச்சினர் ஒரு கையில் ஒரு போனும் மறு கையில் ஒரு போனுமாக நின்று படம் எடுத்தார். எந்தப் படம் நன்றாக வரும் என்று எங்கள் தலைக்கு மேலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இளையவன் போன், எல்லோரும் நேராகப் பார்த்துச் சிரிக்கிற நொடியைத் தானே பொறுக்கி வைத்திருந்தது. நானும் அவளும் புதுமணத் தம்பதி, பின்னால் இரண்டு பிள்ளைகளும் துணிக்கடை விளம்பரத்து ஆட்கள். மூத்தவன் போனில் அவளுடைய நனைந்த நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பேரும் எங்களை மறந்து, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்து வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இதைப் பெருசா பிரேம் போடச் சொல்லுங்க" என்று இரண்டாவதைத் தொட்டாள்.

"இதுல நீ கிழவி மாதிரி இருக்கியே" என்றேன்.

"இருந்துட்டுப் போறேன். இதுலதான் ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க."